திருகோணமலையில் ஒரு திருகோணமலை மரம்

வவுனியாவில் இருந்து ஹொரவப்பொத்தானை ஊடாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனி மாதக் கடைசி. வழியோரம் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு சரை வாங்கி, ஆசைக்கு நாலைந்தை ஒன்றாக வாயில் போட்டேன். அந்தப் பழத்தின் பால் லேசுப்பட்டதல்ல. மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிப் பிடித்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த அம்மா சிரித்தார். "தண்ணியில ஊறப்போட்டுத் தின்னணும் தம்பி. கரடிக்குத்தான் அப்பிடியே தின்னத் தெரியும்." கரடிக்குப் பாலைப்பழம் என்றால் உயிர் என்பதும், பழக்காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே நடக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

நான் போனது பாலையைத் தேடி அல்ல. பழைய மரப் பட்டியல் ஒன்றில் 'திருகோணமலை மரம்' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் ஏற்றி அனுப்பியதால் வந்த பெயர். சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில், தூரத்தில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையை உடைத்துக்கொண்டு ஓடிய மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் போயிருக்கிறது. ஓர் ஊரின் பெயரையே வைத்திருக்கும் மரத்தை அந்த ஊரில் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை, அவ்வளவுதான்.

ஊரில் இறங்கி ஓட்டோக்காரரிடம் "திருகோணமலை மரம் பார்க்க வேணும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஏற்றினார், கோணேசர் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். கோட்டைக்குள் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மலையின் விளிம்பில் ஒரு மரம், கிளையெல்லாம் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய துணித் தொட்டில்கள். சரி, அவர் மேல் பிழையில்லை, நான் கேட்ட கேள்வி அப்படி. கும்பிட்டுவிட்டு அடுத்த ஓட்டோவில், மரம் விற்கும் மரக்காலை எங்கே என்று கேட்டேன்.

கன்னியாவுக்குப் போகும் வழியில் அந்த மரக்காலை. பின்பக்கம் ஒரு பட்டறை. அங்கே வேலை செய்த ஓடாவியாருக்கு, அதாவது தச்சருக்கு, எழுபது வயது இருக்கும். நான் பெயரைச் சொன்னதும் சீவுளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது வெள்ளைக்காரன் வச்ச பேர். நாங்க சமண்டலை எண்டுதான் சொல்லுற."

மூலையில் கிடந்த ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். செம்மை கலந்த பழுப்பு, நேரான இழை. ஒரு நுனியைப் பிடித்து அழுத்தச் சொன்னார். கொஞ்சம் வளைந்தது, விட்டதும் நேரானது. அதுதான் அதன் குணம். அடி தாங்கும், அதிரும், உடையாது. அதனால்தான் வண்டிக்கும் படகுக்கும் கோடரிப் பிடிக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் இதைத் தேடுகிறார்கள். சாராயமும் தேங்காயெண்ணெயும் நிரப்பிய பீப்பாய்களுக்கும் ஒரு காலத்தில் இதே பலகைதான்.

அங்கே கிடந்த முதிரை மரம் வேறு சாதி. சீவினால் பட்டு மாதிரி மினுங்கும். கதவுக்கும் அலுமாரிக்கும் அதைவிட்டால் வேறில்லை என்பார்கள். ஆனால் தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். எனக்கும் கடித்தது, பொழுதுபடும் வரை முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் முதிரையாலேயே ஒற்றை வளைவில் ஒரு பாலம் போட்டார்கள், அது 1905 வரை நின்றது. அதே மகாவலிதான் இங்கே கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் விழுகிறது. பாலைமரமோ தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும், அவ்வளவு பாரம். தண்டவாளத்தின் கீழ்க் கட்டைகளாக நெடுங்காலம் கிடந்தது அதுதான்.

வீட்டில் நான் நட்ட முதிரைக் கன்று செத்த கதையையும் அவரிடம் சொன்னேன்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"காலையும் பின்னேரமும்."

"அதான் செத்திச்சு."

முதிரைக்குக் கல்லும் மணலும் கலந்த மேட்டு நிலமும் நல்ல வெயிலும் வேண்டும். வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. நான் கத்தரிக்கு ஊற்றுவது போல ஊற்றியிருக்கிறேன்.

பின்னேரம் அவரும் என்னோடு கன்னியா வரை வந்தார். ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து, வாளியால் அள்ளிக் காலில் ஊற்றிவிட்டு, பக்கத்துக் காட்டோரம் நடந்தோம். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வறண்ட பூமி என்று சொல்லக்கூடிய அளவல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் கச்சான் காற்று. மேற்கே மலையில் ஈரத்தை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கம் வெறும் சூடாக வருகிற காற்று. அன்றும் அதுதான் அடித்தது, முகத்தில் அடுப்படி வெக்கை. இத்தனைக்கும் பாலையும் வீரையும் பச்சையாக நின்றன. தடித்த சின்ன இலை, ஆழத்துக்குப் போகும் வேர். முதிரை அப்படியில்லை, வரட்சியில் இலையைக் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். கருங்காலி மற்ற மரங்களின் நிழலிலேயே அவசரமில்லாமல் வளரும். வெட்டினால் எல்லாம் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடுவில் இருக்கும் வயிரம் மட்டும்தான் கறுப்பாம், அதுவும் முற்றிய மரத்தில். மருது வாய்க்காலையும் குளக்கட்டையும் விட்டு நகராது.

சமண்டலையைக் கடைசியில்தான் கண்டேன். மேட்டில் இல்லை, மண் ஆழமாக இருந்த ஒரு பள்ளத்தோரம். இதய வடிவ இலை, நெடுநெடுவென்ற தண்டு. ஊரின் பெயரை வெளிநாடு வரை கொண்டுபோன மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. 1817இல் பம்பாயில் கட்டிய 'திருகோணமலை' என்ற கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் பத்திரமாக நிற்கிறது. அது மலபார்த் தேக்கு! ஓடாவியாரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கட பேரு, ஆற்றயோ தேக்கு."

கடற்கரைக்குப் போனால் பனிச்சை மரத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றார். நைலோன் வருவதற்கு முன் பனிச்சங்காய்ச் சாற்றில்தான் வலைக்குச் சாயம் போட்டார்களாம், நூல் உக்காமல் இருக்க. களப்போரம் வளரும் கண்டல் மரத்தின் பட்டையும் அதே வேலைக்கு உதவியிருக்கிறது. எனக்கு நேரம் இருக்கவில்லை, மறுநாள் விடிய பஸ்.

பட்டறையில் விடைபெறும்போது அந்தச் சட்டத்திலிருந்து ஒரு முழத் துண்டை அறுத்துத் தந்தார். காட்டு மரம் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டுமே, வழியில் மறித்தால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"அகப்பைக் காம்பெண்டு சொல்லுங்க. உண்மையில அதுக்குத்தான் காணும்."