நிலைப்படியைக் கேட்காத கேள்வித்தாள்

முதியோருக்கான வாக்கர் ஒன்றைப் புதிதாக வடிவமைக்கும் குழுவில் சென்ற ஆண்டு சேர்ந்தேன். பயனர்களின் தேவைகளைத் திரட்டுவதே எனக்கு முதலில் தரப்பட்ட வேலை. இருபது கேள்விகள் கொண்ட படிவத்துடன் ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சென்று, இப்போதுள்ள வாக்கரில் என்ன குறை என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஒரு குறையும் இல்லை" என்றார். அந்த வாக்கரோ கூடத்து மூலையில், மேலே ஈரத்துண்டு காய, சும்மா நின்றிருந்தது. சற்று நேரத்தில் அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே உயரமான நிலைப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். வாக்கரைத் தூக்கி அந்தப் படிக்கு அப்பால் வைக்க அவருக்கு வலு இல்லை. ஆனால் நிலைப்படி அவரைப் பொறுத்தவரை வீட்டின் இயல்பு. அதை வாக்கரின் குறையாகச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

சொல்லப்படாத தேவையைப் பயனரின் வாழ்க்கையைக் கவனித்தே அறிவதில் நான் மிகவும் மதிப்பது, ஜெய்ப்பூர் கால் எனப்படும் செயற்கைக் கால் உருவான விதத்தை. 1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில், மேற்கத்திய முறைச் செயற்கைக் கால் பெற்றவர்கள் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்புவதை எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தி கவனித்தார். அந்தக் காலின் கணுக்கால் வளையாது. அதை ஷூவுக்குள் பொருத்தியே நடக்க வேண்டும். அவர்களோ தரையில் சம்மணமிட்டு உண்பவர்கள், குந்தி உட்காருபவர்கள், ஈர வயலில் வெறுங்காலுடன் நடப்பவர்கள். சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அந்த வாழ்க்கையிலிருந்தே தொடங்கினார்கள். ஒரு தேவை மற்றொன்றை இழுத்து வருவதை இங்கே தெளிவாகக் காணலாம்: ஷூ இல்லையென்றால் பாதம் நீரையும் கல்லையும் தாங்க வேண்டும்; மறைக்க எதுவும் இல்லாததால் அது விரல்களோடும் தோல் நிறத்தோடும் பாதமாகவே தோன்ற வேண்டும்; குந்துவதற்குக் கணுக்கால் மேல்நோக்கி வளைய வேண்டும். எனவே உள்ளே ஸ்பாஞ்சு ரப்பரும் மரமும் வைத்து, வெளியே உறுதியான ரப்பரால் மூடி, டயர்க் கடைகளில் செய்வதைப் போல் வல்கனைஸ் செய்தார்கள், அதாவது ரப்பரைச் சூடாக்கி உறுதியாக்கினார்கள். 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த விபத்தால் வலது காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலுடன் 1984இல் மீண்டும் மேடையேறினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

படிவத்தை நான் முழுவதுமாகத் தூக்கி எறியவில்லை. வயது, உயரம், எடை போன்றவற்றுக்கு அது போதும். மற்றபடி, காலையில் படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போவதை நடந்து காட்டுமாறு கேட்டுக்கொண்டு, பேசாமல் உடன் செல்கிறேன். கையில் அளவு நாடா இருக்கும். இதுவரை பதினொரு வீடுகளின் நிலைப்படிகளை அளந்திருக்கிறேன். எந்த இரண்டும் ஒரே உயரமாக இல்லை.