எதிர்பார்த்திருக்கும் முடிவு

ஜொகூரின் குளுவாங், ரெங்கம் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்து மைலோவும் கறிபாப்பும் கைமாறும் நேரத்தில், போதகரை ஓரமாக அழைத்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்டர், சிங்கப்பூர்ல வேல கெடச்சிருக்கு. போகலாமா? ஆண்டவரோட சித்தம் என்னன்னு தெரியல." செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எந்தப் பட்டணத்திலும் இதுதான் கதை. லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு (பட்டணத்துக் குடியிருப்புக்கு) வந்த தலைமுறைக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அதன் பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்கும் சம்பளம் பத்தவில்லை. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்று மலேசிய வெள்ளிக்கு மேல் வருகிறது.

போதகர் "ஜெபம் பண்ணுவோம், தம்பி" என்பார். நல்ல பதில்தான். ஆனால் எதற்காக ஜெபம் பண்ணுவது என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

"போகலாமா" என்பது ஒரு கேள்வி அல்ல, நான்கைந்து கேள்விகளின் மூட்டை. அம்மாவுக்கு டயலிசிஸ் என்றால் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் தலைசுற்றலோடு வருகிறவரைக் கைப்பிடித்துக் காரில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? தங்கச்சியா? அவளிடம் கேட்டாயிற்றா? வேலை எத்தனை வருட பெர்மிட்? ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் உண்டா? கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெண் வீட்டாருக்கு இது தெரியுமா? மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தனித்தனி வரியாக எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் பாதிக்குமேல் ஆண்டவரிடம் கேட்க வேண்டியவையே அல்ல என்று தெரியும். சில தங்கச்சியிடம் கேட்க வேண்டியவை, சில ஏஜெண்டிடம், சிலவற்றுக்கு வேதத்தில் ஏற்கெனவே பதில் இருக்கிறது.

பதில் இருப்பதை மறுபடி கேட்பதுதான் முதல் தவறு. தாய் தகப்பனைக் கவனிப்பது சித்தமா என்று உபவாசம் இருந்து தேட வேண்டியதில்லை. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் "கொர்பான்" என்று சொல்லிப் பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கையாக்கித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு விட்டுவைக்கவில்லை. அதற்காக வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. சம்பாதித்து அனுப்புவதும் கவனிப்புத்தான். ஆனால் டயலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் யார் உட்காருவார் என்ற வரிக்குப் பெயர் எழுதப்படாத வரை, "ஆண்டவர் வழி திறந்தார்" என்று சாட்சி சொல்லக் கிளம்பக் கூடாது.

அடுத்தது கணக்கு. இதை ஆவிக்குரிய காரியமாக யாரும் எண்ணுவதில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14:28-இல் கேட்டவர் ஆண்டவர்தான்.

இங்கே 3,000 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்புக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 330 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 390. மாதம் 720 வெள்ளி, வருடம் 8,640 வெள்ளி உங்கள் கண்ணில் படாமலே சேருகிறது. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் மலேசியருக்கு இந்த மாதிரி ஒன்றும் சேராது. அங்குள்ள சேமநிதியான சிபிஎஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். கையில் வருவது பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, இரண்டு சம்பளத்தையும் ஒப்பிடும்போது இந்தப் பக்கம் 390 வெள்ளியைக் கூட்டிப் பாருங்கள். போவதானால் ஈபிஎஃப்பில் நீங்களாகவே மாதாமாதம் போட வழி இருக்கிறது, அந்தத் தொகையையும் செலவு வரியில் எழுதிவிடுங்கள். குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். தினம் போய் வருவது நடக்காது, வாடகை அறை வேண்டும். அறை எடுத்தாலும் பாலத்தைத் தாண்டுவதற்கு இருட்டோடு எழுந்தாக வேண்டும். வாடகை, மோட்டார் எண்ணெய், அங்கே சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம் கழித்து மிஞ்சுவது எவ்வளவு? கழித்துப் பார்த்தபின் சித்தம் தானாகவே தெளிந்துவிடுவதும் உண்டு. அதற்காக ஏமாற்றம் அடைய வேண்டாம், அதுவும் நடத்துதல்தான்.

கணக்கும் பார்த்தாயிற்று, கடமையும் தெரியும், இருந்தும் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது என்றால் அப்போதுதான் உண்மையான விசுவாசக் கேள்வி வருகிறது. நம் சபைகளில் அந்தக் கட்டத்தில் எடுக்கப்படுவது பெரும்பாலும் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கூடையிலிருந்து எடுத்தது, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருக்கும். அதில் எரேமியா 29:11 இருந்துவிட்டால் முடிந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..."

தமிழில் இந்த வசனம் ஒரு பள்ளத்தை வைத்திருக்கிறது. முடிவு என்றால் நமக்குத் தீர்மானமும் முடிவு, கடைசியும் முடிவு. சிங்கப்பூர் போகத் துடிக்கிறவர் காதில் அது "நீ எதிர்பார்க்கிற தீர்மானம்" என்றே விழும். எபிரெயத்தில் உள்ளது பிற்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள். பிற்காலத்தில் வரப்போகிற நன்மையைப் பற்றியது அந்தப் பேச்சு.

அது யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அவர்கள் எதிர்பார்த்தது சீக்கிரம் ஊர் திரும்புவது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன்னிலையில் சொல்கிறான். கேட்க இனிமையாக இருந்தது. அந்த வருடமே அவன் செத்துப்போனான். எரேமியாவின் கடிதமோ 70 வருடம் என்கிறது. 11-ஆம் வசனத்துக்கு ஆறு வசனம் முன்னால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. (பிறர் நிலத்தில் தோட்டம் நாட்டுவது என்றால் என்னவென்று எஸ்டேட் ஜனங்களுக்கு விளக்கத் தேவையில்லை.) ஆக, எதிர்பார்த்தது கிடைக்காதவர்களுக்கு, கிடைக்காத இடத்திலேயே ஒழுங்காக வாழச் சொல்லி எழுதப்பட்ட வசனம் அது. அட்டையைக் கழற்ற வேண்டாம். ஆனால் வேலைக்கடிதத்தில் கையெழுத்துப் போட அதைக் காரணமாகக் காட்டாதீர்கள். வசனத்தை வைத்து முடிவெடுப்பதானால் குறைந்தது அந்த அதிகாரம் முழுவதையும் முந்தியதையும் வாசித்துவிட்டு எடுங்கள்.

"வாசல் திறந்திருக்கிறது" என்பது அடுத்தது. இன்டர்வியூ சுலபமாக முடிந்தது, பெர்மிட் வாரத்திலேயே வந்தது, அறையும் கிடைத்தது. யோனா கர்த்தரை விட்டு ஓடியபோதும் யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக இருந்தது. கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது, திசை மட்டும் தப்பு. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2 கொரிந்தியர் 2:12-13-இல், துரோவாவில் கர்த்தராலே தனக்குக் கதவு திறக்கப்பட்டிருந்தும் தீத்துவைக் காணாததால் பவுல் அங்கே தங்காமல் மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுப்போகிறார். கர்த்தர் திறந்த கதவில்கூட நுழைந்தே ஆகவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. யாரும் அவரைக் கண்டிக்கவும் இல்லை. திறந்த வாசல் ஒரு வாய்ப்பைக் காட்டுகிறது. அதைக் கட்டளையாக வாசிப்பது நாம்தான்.

"மனசுல சமாதானம் இருக்கு" என்பதில் இதைவிட நுட்பமான கண்ணி. தேவசமாதானம் இருதயங்களில் ஆளட்டும் என்ற கொலோசெயர் 3:15, ஒரே சரீரமாக அழைக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. வேலை மாற்றத்தை அளக்கும் மீட்டர் அல்ல. கெத்செமனேயில் இயேசுவுக்கு வியர்வை இரத்தத் துளிகளைப்போல விழுந்தது, ஆனாலும் அவர் பிதாவின் சித்தத்துக்குள்தான் இருந்தார். அதே நேரம் மனக்கலக்கத்தை அலட்சியம் செய்யவும் கூடாது. ஏன் கலக்கம் என்று நோட்டில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். பயம் என்றால் பயம். "தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை" என்று வந்தால் அது மனசாட்சி, அதற்குச் செவிகொடுங்கள்.

ஊழியக்காரர் யாராவது வந்து "உன்னை எல்லை தாண்டிப் போகிறவனாகப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால்? தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம் என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறது. சோதிக்க ஒரு வழி, கேட்டதை இரண்டாகப் பிரிப்பது: சொல்லப்பட்ட செய்தி எது, அதிலிருந்து மனிதர் எடுத்த தீர்மானம் எது. அப்போஸ்தலர் 21-இல் அகபு பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இப்படி நடக்கும் என்றார். நடக்கும் என்றதோடு சரி. "போகாதீர்" என்று அழுதவர்கள் கூட நின்றவர்கள். பவுல் செய்தியை ஏற்றுக்கொண்டார், தீர்மானத்தை ஏற்கவில்லை. 1 இராஜாக்கள் 13-இல் இதற்கு நேர்மாறு: கர்த்தர் தனக்கு நேரில் சொன்னதை விட்டுவிட்டு, வயதான தீர்க்கதரிசி ஒருவர் தேவதூதன் பெயரால் சொன்ன பொய்யை நம்பிச் சாப்பிடப்போன தேவமனுஷனைச் சிங்கம் அடித்துப்போட்டது. சொன்னவர் பெரியவர் என்பது சோதனை ஆகாது.

கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் போட்ட ஆட்டுத்தோலைப் பற்றி ஒரு வரி போதும். அவனுக்குக் கட்டளை ஏற்கெனவே தெளிவாகக் கொடுக்கப்பட்டிருந்தது. சந்தேகத்தில்தான் தோலைப் போட்டான், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். "இன்று மூன்று பேர் சிங்கப்பூர் என்று சொன்னால் அடையாளம்" என்று வைப்பவர், ஜொகூரில் இருந்துகொண்டு அதை வைக்கக் கூடாது.

ஆலோசனைக்கு மூன்று பேர் போதும், ஆனால் மூன்று வகையாக இருக்க வேண்டும். ஒருவர் உங்கள் முடிவின் சுமையைத் தூக்கப்போகிறவர்: தங்கச்சியோ, மனைவியோ. இன்னொருவருக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சபையில் வயதான ஒரு மூப்பர், இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்றாமவர் போய்த் திரும்பி வந்தவர். இவரை நாம் கேட்பதே இல்லை. ஜெயித்தவரை மட்டும் கேட்கிறோம், அவர் தீபாவளிக்குப் புதுக்காரில் வந்து நிற்கிறார். மூவரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள், கணக்கோடு. "ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னால் அவர்களாலும் ஜெபிக்க மட்டும்தான் முடியும்.

ஜெபத்தைப் பற்றி, பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் ஒன்று சொன்னார்: சித்தத்தை அறிவதில் பத்தில் ஒன்பது பங்கு சிரமம், அந்தக் காரியத்தில் தன் சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவருவதில்தான். இதைச் செய்து பார்க்க எளிய வழி: ஒரு வாரம் முழுக்க "போகிறேன்" என்று தீர்மானித்தவராக ஜெபியுங்கள். அடுத்த வாரம் "இருக்கிறேன்" என்று தீர்மானித்தவராக. இரண்டாவது வாரம் ஜெபமே வரவில்லை, கோபம்தான் வருகிறது என்றால் விருப்பம் இன்னும் கையில் இறுகிக்கிடக்கிறது. மூன்றாம் வாரம் மூவரின் பதிலையும் வாசியுங்கள். கடைசி நாளை முதலிலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள், ஏஜெண்ட் கொடுத்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக. நாள் குறிக்காத காத்திருப்பு, காத்திருப்பு என்ற பெயரில் தள்ளிப்போடுவதாக மாறிவிடும்.

அந்த நாளில் முடிவெடுங்கள். முழு நிச்சயம் வராது. பவுல் கண்ட மக்கெதோனியா தரிசனத்துக்குப் பிறகும், அங்கே தேவன் அழைக்கிறார் என்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" புறப்பட்டோம் என்றே லூக்கா எழுதுகிறார். கண்டவர் ஒருவர், யோசித்து நிச்சயித்தவர்கள் எல்லோரும். போன இடமான பிலிப்பியில் அடியும் தொழுமரமும் காத்திருந்தன. வந்தது தப்போ என்று அங்கே அவர்கள் கேட்டதாக இல்லை, நடுராத்திரியில் பாடினார்கள்.

போவதானால் கிளம்பும் முன் போதகரிடம் சொல்லி, அங்கே எந்தத் தமிழ்ச் சபைக்குப் போவது என்று விசாரித்து வைத்துவிடுங்கள். முதல் மாதம் ஒரு ஞாயிறு தவறினால் இரண்டாம் மாதம் நான்கும் தவறும். இருப்பதானாலும் அதைத் தியாகமாக அம்மாவிடம் சொல்லிக் காட்டாதீர்கள், வாரம் 3 நாள் 4 மணி நேரம் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், முடிவெடுத்த தேதியிலிருந்து ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதுங்கள். மறுபரிசீலனை அன்றைக்குத்தான். நடுவில் சம்பளம் வராமல் போனாலோ, அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ தேதி பார்க்க வேண்டியதில்லை, வந்துவிடுங்கள். மற்றபடி, மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று கத்தோலிக்க நண்பர்கள் புனித இஞ்ஞாசியாரின் விதி ஒன்றைச் சொல்வார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து, மழையில் பாலத்தில் மோட்டாரோடு மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம் அந்த நோட்டைத் திறக்கிற நேரம் அல்ல.