வாசலில் கிடந்த தையல் மெஷின்

பக்கத்து வீட்டு அக்காவின் சாமான்களை இன்று அவருடைய தம்பி தெருவில் இறக்கி வைத்துவிட்டார். பீரோ, பாத்திரங்கள், கடைசியாகத் தையல் மெஷின்.

ஊசிக்கு அடியில் பாதி தைத்த ரவிக்கை அப்படியே இருந்தது. நூல்கூட அறுபடவில்லை.

"அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த வீடு" என்று பத்திரத்தைக் காட்டினார் தம்பி. உண்மைதான். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட, முறையாகப் பதிவான தானப் பத்திரம். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அக்கா என்பதால் அது செல்லாமல் போய்விடாது.

ஆனால் வீடு தன்னுடையது என்பதாலேயே, பல வருடமாகக் குடியிருப்பவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963 ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, 6 மாதத்துக்குள் மீண்டும் குடியேறக் கேட்டு வழக்குப் போடலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்பது அந்த வழக்கில் கேள்வியே இல்லை.

எனக்கு அந்த அப்பா மேல்தான் வருத்தம். "மகள் ஆயுள் உள்ளவரை இங்கே குடியிருக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே! பாசத்தில் கொடுக்கிறவர்கள் அந்த வரியை ஏன்தான் மறந்துவிடுகிறார்களோ.

அக்கா வக்கீல் செலவுக்குப் பயப்படுகிறார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாளைக் காலை அவரோடு சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறேன்.