கலே அணியின் கோப்பை வருடம்

நாக் அவுட் போட்டி என்றாலே எனக்கு 1999-2000 பிரெஞ்சுக் கால்பந்துக் கோப்பைதான். கலே நான்காம் நிலை லீக்கில் ஆடிய அமெச்சூர் அணி. பகலில் வேலை, அப்புறம்தான் பந்து. அவர்கள் தங்களைவிட மேல்நிலை லீக்குகளில் ஆடிய லீல், கான் அணிகளைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வெளியேற்றினார்கள், ஸ்ட்ராஸ்பூரையும் வென்றார்கள். அரையிறுதி லான்ஸ் மைதானத்தில். எதிரே நடப்பு லீக் சாம்பியன் போர்டோ. கூடுதல் நேரம் வரை இழுத்து 3-1! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

2000 மே 7, இறுதிப் போட்டி. முதல் பாதியில் டுடித்ர் கோல் அடிக்க, நான்ட் அணிக்கு எதிராகக் கலே முன்னிலை. இரண்டாம் பாதி தொடங்கியதுமே நான்ட் வீரர் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி, அதையும் அவரே அடித்தார். 2-1. அந்தப் பெனால்டியைக் கொடுத்திருக்கவே கூடாது என்பதுதான் இன்றுவரை என் கட்சி.

ஆனால் நான்ட் கேப்டன் லாண்ட்ரோ மேல் கோபமே வராது. அவருக்கு அப்போது இருபது வயதுதான். கோப்பையை வாங்கப் போனவர் கலே கேப்டன் பெக்கையும் கூடவே அழைத்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மனுஷன்!

கடன் தொல்லையில் கலே கிளப் 2017-ல் கலைக்கப்பட்டுவிட்டது. அந்தச் செய்தி இன்னும் வலிக்கிறது.