தகடு தாங்கும்

“நீங்க சொன்ன மாதிரியே தகடு தாங்கிடுச்சு.”

வண்டிக்காரர் இதைச் சொன்னபோது, கிழிந்த ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடிவயிற்றைப் பாறையிலிருந்து காக்கும் தகடு) எங்கள் இருவருக்கும் நடுவே தரையில் கிடந்தது. குத்திக்காட்டினாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. முகத்திலும் குரலிலும் ஒன்றும் இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தகட்டின் அடியில் பாறை உரசிய கீறல்கள்தான் இருந்தன, ஒரு பள்ளம்கூட இல்லை. கிழிந்த இடம், தகடு நெளியாமலிருக்க உள்பக்கம் நிறுத்தும் ரிப் என்ற பட்டையை வைத்து நான் வெல்டு அடித்த கோடு. வெல்டுகூட உடையவில்லை. அதிலிருந்து மூன்று நான்கு மில்லி தள்ளி, ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல நேராகப் பிளந்திருந்தது. பிளந்த துண்டு பின்பக்கமாக மடங்கி ஒரு கல்லில் மாட்டி, என்ஜின் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பையும் கிழித்துவிட்டது. இன்னொரு வண்டி வந்து கட்டி இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்களாம்.

டெலிவரி அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி: “இது தாங்குமா?” நான் சொன்ன பதில்: “தகடு தாங்கும் சார்.”

‘தாங்கும்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ‘தகடு’ என்பதை ஏன் முன்னால் போட்டேன்? பேச்சுவாக்கில் வந்ததுதான் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

அந்தத் தகட்டை எடுக்கச் சொன்னவனே நான்தான். அவர் 6 மில்லி எம்.எஸ்., அதாவது சாதாரண மைல்டு ஸ்டீல், போதும் என்றுதான் வந்தார். 450 ப்ரினெல் (கடினத்தை அளக்கும் எண்) கடினத் தகட்டில் 4 மில்லி போடலாம், எடை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று நான் சொன்னேன். சாதாரண எம்.எஸ். 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும். இந்த ரகம் ஆயிரத்தைத் தாண்டித்தான் அப்படி வளையும். பாறையில் ஏறும்போது எம்.எஸ். குழிந்து கவ்விக்கொள்ளும், இது வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் உண்மை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. எஃகு எவ்வளவு கடினமாக இருந்தாலும் அதன் விறைப்பு மாறாது. ஒரே தடிமனில் கடினத் தகடும் எம்.எஸ்.ஸும் ஒரே பளுவுக்கு ஒரே அளவுதான் நெளியும், வேறுபாடு திரும்பி வருவதில்தான். விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன், அதுவும் மும்மடி கணக்கில். 6 மில்லியை 4 மில்லியாக்கினால் பழைய விறைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதாவது பாறை முட்டினால் தகடு மேலே எழும்பி, சம்பைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். சம்புக்கும் தகட்டுக்கும் இடையே இருந்ததோ இரண்டு விரல் இடைவெளி. அதனால்தான் உள்பக்கம் இரண்டு ரிப் வைத்தேன். இதை அலட்சியம் என்று யாரும் சொல்ல முடியாது. யோசித்துச் செய்த வேலைதான்.

ரிப்பை நிறுத்திவைக்க டாக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிக்கும்போது கூட இருந்த பையன் கேட்டான். “அண்ணே, இதை போல்ட்ல மாட்டினா என்ன?”

“போல்ட் தலை கீழ துருத்திட்டு நிக்கும்டா, ரெண்டு பாறையில தேஞ்சு போயிரும்” என்றேன்.

தப்பான பதில் இல்லை. 4 மில்லித் தகட்டில் போல்ட் தலையை முழுசாகப் புதைக்கவும் முடியாது. ஆனால் முழுக் காரணமும் அது இல்லை. அந்தத் தகட்டில் ஓட்டை போடுவதற்கு கோபால்ட் பிட் வேண்டும், மெதுவாக, அழுத்திப் பிடித்து, எண்ணெய் விட்டுப் போட வேண்டும். நாலு ஓரத்திலும் வண்டியில் மாட்டுகிற ஓட்டைகளுக்கே இரண்டு பிட் முனை போயிருந்தது. இன்னும் பன்னிரண்டு ஓட்டையா என்ற மலைப்புதான் போல்ட் தலையைப் பற்றிய அறிவாக வாயில் வந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்குமா? சிரித்துவிட்டு கிளாம்ப்பை எடுக்கப் போனான்.

இந்த வகைத் தகட்டுக்கு வலு வருவதே பதத்தால்தான். ஆலையில் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்விக்கிறார்கள். நாம் திரும்பச் சூடேற்றினால் அந்தப் பதம் போய்விடும். தயாரிப்பாளர் தாளில் இரண்டு பாஸுக்கு (வெல்டு ஓட்டத்துக்கு) நடுவே 225 டிகிரியைத் தாண்ட விடாதே என்று இருக்கும். வெல்டு கம்பியும் மென்மையான ரகம்தான் போடச் சொல்வார்கள், 500 மெகாபாஸ்கலுக்குக் கீழே. வெல்டு கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்தால் விரிசல் விடாது என்பது கணக்கு. சுருங்கச் சொன்னால், வெல்டு போட்ட இடம் தகடு அளவுக்கு வலுவாக இருக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அதிகம் வளையாத இடமாகப் பார்த்து வெல்டை வை என்கிறார்கள். நான் வைத்ததோ பாறை வந்து முட்டுகிற நடு வயிற்றில்.

22 வோல்ட், 180 ஆம்பியர், நிமிடத்துக்கு 40 சென்டிமீட்டர் வேகம். வெளியே வீணாகும் சூட்டைக் கழித்தால் மில்லிமீட்டருக்கு அரை கிலோஜூல்கூட வராது. ஒரு பாஸை மட்டும் எடுத்துக்கொண்டால் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரிப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும், விட்டுவிட்டு அடிக்காமல், முழு நீளத்துக்கும் ஓட்டினேன். அதிக வெல்டு அதிக பலம் என்ற பழைய எம்.எஸ். புத்தி. தடித் தகட்டில் சூடு உள்ளே இறங்கிப் பரவிவிடும், இதில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆறியதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தேன். ‘சுர்’ என்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் தெளித்தேன், திரும்பவும் ‘சுர்’. அந்தச் சத்தத்தை வைத்து 120 டிகிரியா, 225-ஐத் தாண்டிவிட்டதா என்று சொல்ல முடியாது. வெப்பநிலை காட்டும் சாக்பீஸ் கைக்கெட்டும் டப்பாவில்தான் இருந்தது. அன்று மாலைக்குள் முடிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஹைட்ரஜன் விரிசலாக (வெல்டு அடிக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து வரும் விரிசல்) இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, ஆசைப்பட்டேன். அது ஈரம், துரு, கிரீஸ் என்று வெளியிலிருந்து வரும் எதிரி. ஆனால் அந்த விரிசல் பொதுவாக வெல்டை ஒட்டினாற்போலக் கடினப்பட்ட பகுதியில் வரும், ஓரிரு நாளில் தலை காட்டிவிடும். இது பல மாதம் கழித்து, வெல்டுக்குச் சற்றுத் தள்ளி, சூட்டில் பதம் போய் வலுவிழந்த பட்டையில் ஓடியிருக்கிறது.

பிளந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. ரிப் முனையிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்குத் துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மீதி பளபளவென்று புதிது. கடைசிப் பாறை பிளந்தது அந்தப் புதுப் பகுதியை மட்டும்தான். கறுத்த பகுதி அதற்கு முன்பே, ஒவ்வொரு முட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. முனையைச் சாய்வாகச் சீவாமல் சதுரமாக வெட்டி விட்டிருந்தேன், அங்கேதான் தொடக்கம். நடுவில் ஒருமுறை கழற்றி உள்பக்கம் பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். பார்க்கச் சொல்லி நான் அவரிடம் சொல்லவில்லை. தாங்கும் என்றல்லவா சொல்லியிருந்தேன்.

6 மில்லி எம்.எஸ். போட்டிருந்தால்? அடிவயிறு குழிந்து கோணலாகியிருக்கும், சம்பு ஒருவேளை தப்பித்திருக்கும், அவர் ஜாக்கி வைத்து நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஓட்டியிருப்பார். கோணலான தகடு தன் நிலைமையை வெளியே காட்டும். என்னுடையது கடைசி நிமிடம் வரை புதுசுபோல இருந்தது. ஆனால் அந்த வாதத்தை முழுசாக ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அதே தகட்டை நன்றாகச் செய்தவர்களின் வண்டிகள் வருஷக்கணக்கில் ஓடுகின்றன. தகட்டைக் குறை சொன்னால் நான் தப்பித்துக்கொள்கிறேன், என்னைக் குறை சொன்னால் தகடு தப்பித்துக்கொள்கிறது.

சரி, அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அதே தகட்டுலயே செஞ்சு குடுங்க.”

இரண்டாவதில் ரிப் வைக்கவில்லை. தகட்டை மடிக்கும் பிரஸ் பிரேக் இயந்திரத்தில் கொடுத்து, நீளவாக்கில் இரண்டு மடிப்பு போட்டு விறைப்பைக் கொண்டுவந்தேன். மடிப்பின் உள்வளைவைத் தகட்டின் தடிமனைப் போல நான்கு மடங்கு வைத்தேன். நடு வயிற்றில் ஒரு பொட்டு வெல்டுகூட இல்லை. வண்டியில் மாட்டும் காதுகளை மட்டும் ஓரத்தில், ஆறவிட்டு ஆறவிட்டு அடித்தேன், சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தபடி. போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்த பையன் எதுவும் கேட்கவில்லை.

அவர் வந்தபோது நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். எங்கே தாங்கும், எங்கே தாங்காது, ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு எந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், விரிசல் தெரிந்தால் மேலே வெல்டு அடிக்காமல் ஏன் கொண்டுவர வேண்டும், எல்லாம். வண்டிக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்தார், விரல் கணுவால் தகட்டைத் தட்டினார், சாவியை வாங்கிக்கொண்டார்.

இந்த முறை அவர் கேட்கவே இல்லை. நானும், கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது என்று நின்றுகொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது.