மோட்டாரை யார் போட்டது?

ரங்கூனில் கரண்டு வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ" என்று கத்துவார்கள். அடுத்த நொடி எங்கள் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் சண்டை தொடங்கும். நேற்று மோட்டார் பக்கமே போகாத என்னையும் அதில் இழுத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டரிலேயே ஓசை உண்டாக்கும் ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற இலவச சிந்தசைஸர் மென்பொருளில் ஒரு ரீங்காரம் செய்துகொண்டிருக்கிறேன். ருமேனியாக்காரர் பால் நாஸ்கா எழுதியது. அதிலுள்ள பேட்சிந்த் என்ற பகுதி, சுரத்தை ஒரே புள்ளியில் நிறுத்தாமல் இரு பக்கமும் கொஞ்சம் கசியவிடும். ஒருவர் பாடுவது ஊரே கூடி முனகுவதுபோல் ஆகிவிடும். என்ன திருகினாலும் 'அப்ளை' அழுத்தினால்தான் மாற்றம் கேட்கும். என் தம்பி அது தெரியாமல் ஒரு மதியம் முழுக்கத் திருகிவிட்டு, "காது போச்சுண்ணே" என்றான். லேப்டாப் நடுவில் படபடவென்று பொரிந்தது. ஓசையைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புகிற பஃபரை 256-லிருந்து 1024-க்கு ஏற்றினேன், அடங்கிவிட்டது. கீபோர்டு விசையை அழுத்தி 21 மில்லி செகண்ட் கழித்துத்தான் ஓசை வரும். வரட்டுமே, இந்த இசையில் யாருக்கு அவசரம்?

நேற்று பெரிய ஸ்பீக்கரில் 98 ஹெர்ட்ஸ் 'ஜி' சுரத்தைப் பிடித்தேன். நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், மோட்டார் உறுமுவது அதில் இரட்டிப்பு, 100. இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கீழ்வீட்டுச் சின்னம்மா என்ன வித்வானா?

பால்கனிக் கயிற்று மணி அலறியது. காய்கறிப் பை ஏற்றுகிற மணி அது. சின்னம்மா இழுத்தால் மட்டும் தீயணைப்பு வண்டி வந்ததுபோல் இருக்கும்.

"கீழ்த்தொட்டியில தண்ணியே இல்ல, மோட்டார் ஓடுது! காயில் புகைஞ்சா யாரு காசு குடுப்பா? நிறுத்துடா!"

சரி என்று விசையிலிருந்து கையை எடுத்தேன். நிற்கவில்லை. கை எடுத்த சேதி லேப்டாப்புக்குப் போகும் கம்பியில் எங்கோ தொலைந்துபோயிருந்தது.

"நிறுத்திட்டேன் சின்னம்மா."

ம்ம்ம்ம்ம் என்றது ஸ்பீக்கர்.

"பொய் வேற சொல்றான்!"

மேல்வீட்டு மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் மெயினையே அணைத்தார். கட்டடம் முழுக்க இருட்டு. எங்கள் வீட்டில்தான் இன்வர்ட்டர் இருக்கிறதே, முனகல் கம்பீரமாகத் தொடர்ந்தது. கரண்டு இல்லாமல் ஓடுகிற மோட்டாரை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? படிக்கட்டில் பேச்சு அடங்கிவிட்டது. அப்பத்தா அனோரதா ரோட்டுக் காளியம்மன் கோயில் திருநீற்றை எடுத்துவந்து நாலு திசையிலும் தூவினார். அதே நேரம் நான் எல்லா ஓசையையும் ஒரேயடியாக நிறுத்தும் 'பானிக்' பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். நின்றது. பேர் யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள்.

இன்று காலை நிஜ மோட்டார் ஓடியது. மாடித் தொட்டி நிறைந்து, வழிந்து, படிக்கட்டில் அருவியாக இறங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் என் வேலை என்றே நினைத்தார்களாம். மாமா மோட்டார் செலவுக் கணக்கு நோட்டில் வீணான தண்ணீரை என் பெயருக்கு நேரே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிக் கதவருகே நிற்கிறார்.