தண்ணீருக்கு வழி விட்ட பிறகுதான் செடி

முதல் வருடம் நட்ட அலையாத்திக் கன்று ஒன்றுகூடத் தேறவில்லை. கிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் இருளர் குடியிருப்பு. அதைத் தாண்டினால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரம், உப்பு பூத்து வெளுத்துக் கிடக்கும் பொட்டல். யாரோ கொண்டுவந்து இறக்கிய கன்றுகளை வரிசையாக ஊன்றினோம், போட்டோ எடுத்தார்கள். பங்குனிக்குள் எல்லாம் கருகிப் போனது.

"தண்ணி ஏறி எறங்காத எடத்துல செடி எப்புடிடா நிக்கும்?" என்று அத்தை நட்ட அன்றே கேட்டார். பறி என்கிற மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் தவழ்ந்து கையால் தடவி இறால் பிடித்தவர். அவர் பேச்சை யார் கேட்டோம்!

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்ததில், வெயில் பட்ட சேறு வற்றி நடுவில் தட்டுபோலக் குழிந்துவிட்டது. உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, காய்ந்து, உப்பாகிறது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் எங்கள் மக்களோடு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டியது இதற்காகத்தான். அன்றைக்கு மண் சுமந்தவர்களில் அத்தையும் உண்டு.

சரி என்று மறு வருடம் அவரையே முன்னால் நிறுத்தினோம். ஓடையிலிருந்து ஒரு நடு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓடை முனையை மட்டும் வெட்டாமல் விட்டு, கடைசியில் திறந்தோம். அடுத்த கடல் ஏற்றத்தில் கிளை நுனிவரை நீர் போனது. ஒரே ஒரு கிளை மேடு தட்டியது, அதைத் திரும்ப வெட்டினோம். மழைக்காலத்தில் வெண்கண்டல் என்கிற அலையாத்தி மரத்தின் விதைகளைப் பொறுக்கி வந்து கரைச் சரிவின் நடுமட்டத்தில் ஊன்றினோம். கீழே போனால் மூழ்கி அழுகும், மேலே போனால் காயும்.

கூலி தாமதமாக வந்தது, அது தனிக் கதை. அதைவிடப் பெரிய தலைவலி ஆடுகள். வெண்கண்டல் தழை என்றால் அவற்றுக்கு அல்வா. மேய்த்தது என் சொந்த மாமா என்பதால் காவல் முறை போட்ட அன்றே வீட்டில் சண்டை. இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது கன்றுகள் இடுப்பளவு. ஆனால் வாய்க்காலில் வருடா வருடம் வண்டல் அடைக்கிறது. நடுவதற்கு வரும் கூட்டத்தில் கால்வாசிகூட இதற்கு வருவதில்லை. மூன்றாவது கிளை பாதி தூர்ந்துவிட்டது. மழைக்கு முன்னால் தூர் வாரியே ஆக வேண்டும். மாமா மண்வெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆட்டைக் கட்டிவிட்டு.